இட்லித் துண்டும் இரண்டு சொற்களும்

மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவர்களுக்குப் பெரிய சொற்கள் பயம் தருவதில்லை. பணவீக்கம், கூட்டாட்சி, நாடாளுமன்றக் கூட்டுக் குழு என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவோம். காலை வாரிவிடுபவை சின்னச் சொற்கள்தான். சென்ற ஆண்டு குழந்தை உணவு பற்றிய எட்டுப் பக்க ஆங்கிலப் பிரசுரம் ஒன்றைத் தமிழில் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன். மூன்றாம் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

அங்கே இரண்டு சொற்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று 'கேக்'. பிறந்த நாளுக்கு வெட்டுவது அல்ல. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது என்பதே முதல் சங்கடம். மற்றது 'சோக்'. முதலாவது நடந்தால் பதறாதீர்கள், குழந்தையின் வாயில் கை விடாதீர்கள், பக்கத்தில் இருந்து கவனியுங்கள் என்றது பிரசுரம். இரண்டாவது நடந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள் என்றது. அதாவது, ஒரு சொல்லுக்கு எதிரே எழுதிய அறிவுரையை இன்னொரு சொல்லுக்குக் கடைப்பிடித்தால் ஆபத்து. இரண்டுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் இருப்பது ஒரே சொல்: 'அடைச்சிருச்சி.'

அந்தச் சொல்லை அப்போது வாரத்துக்கு நாலு முறையாவது கேட்டுக்கொண்டிருந்தேன். கிழக்கு டெல்லியில் என் தங்கை வீடு. அவள் பெண் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம். பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கோவில்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அம்மா வந்திருந்தாள். ஆறு மாதம் முடிந்ததும் முறைப்படி சோறு ஊட்டினார்கள். மலை மந்திரில் முருகன் முன்னால் வைத்து மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். வீட்டு வேலைக்கு வரும் வங்காளப் பெண்மணி, தங்கள் ஊரில் முதல் பாயசத்தைத் தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும் என்று தாய்மாமன் இல்லாத குறையைச் சுட்டிக்காட்டினார். மலையாளிகள் இதற்காகக் குருவாயூர் போகிறார்கள். முதல் உருண்டைக்கு இந்த நாட்டில் சடங்கு இல்லாத சமூகம் குறைவு. இரண்டாவது உருண்டைக்குத்தான் யாரும் வழி சொல்லி வைக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை, தங்கை ஒரு சின்ன இட்லித் துண்டைக் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை முகம் சிவந்தது. நாக்கை வெளியே தள்ளி, கண்ணில் நீர் வர, 'ஓவ்' என்று பெரிய சத்தத்தோடு ஓங்கரித்தது. அம்மா பாய்ந்து வந்து வாய்க்குள் விரலை விட்டு இட்லியைத் தோண்டி எடுத்தாள். கூடவே காலையில் குடித்த பாலும் வந்தது. "பிள்ளைக்கு அடைச்சிருச்சி! இனிமே ஒரு பருக்கை உள்ள போகக்கூடாது" என்று தீர்ப்பானது.

அன்று தொடங்கியது மிக்ஸியின் ஆட்சி. பருப்புச் சோறு, காய்கறி, ஆப்பிள் எல்லாம் அதில் போய் ஒரே நிறத்தில், ஒரே பதத்தில் வெளியே வந்தன. பிறகு வடிகட்டியும் சேர்ந்தது. குழந்தை விழுங்கியது, வீடு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நிம்மதியின் விலை இரண்டு மாதத்தில் தெரிந்தது. வடிகட்டியில் தப்பிய ஒற்றைப் பருக்கை நாக்கில் பட்டாலும் குழந்தை ஓங்கரித்து மொத்தத்தையும் வெளியே தள்ளியது. ஓங்கரிக்கிறது என்பதால் அரைத்தார்கள்; அரைத்ததால் இன்னும் ஓங்கரித்தது.

ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிடுகிறாள்?" தங்கை பட்டியல் சொன்னாள். "இதையெல்லாம் சாப்பிடுகிறாளா, குடிக்கிறாளா?" என்பது இரண்டாம் கேள்வி. அதற்குத் தங்கையிடம் பதில் இல்லை.

அந்த மருத்துவர் பொறுமைசாலி. காகிதத்தில் ஒரு நாக்கை வரைந்து காட்டினார். பெரியவர்களுக்கு ஓங்கரிக்க வைக்கும் இடம் நாக்கின் பின்கோடியில் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு அது நாக்கின் நடுப் பகுதி வரை முன்னால் வந்திருக்கிறது. மென்று பழகாத பொருள் அந்த இடத்தைத் தொட்டதும் தொண்டை சுருங்கி, நாக்கு அதை முன்னால் தள்ளிவிடுகிறது. மூச்சுக்குழாய்க்கு வெகு தூரம் முன்பே நிற்கிற காவல்காரன் அது. மாதங்கள் போகப் போக அந்த இடம் மெல்லப் பின்னால் நகர்கிறது. குழந்தை பலவிதமான பதங்களை வாயில் உருட்டிப் பழகும்போது காவல்காரனின் பதற்றமும் குறைகிறது. பழக வாய்ப்பே கொடுக்காவிட்டால் அவன் அதே பதற்றத்தோடு இருந்துவிடுவான். பல் முளைக்கட்டும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் வர ஒரு வயதுக்கு மேலாகும். அதுவரை மெல்லுவது ஈறுதான். மென்மையான உணவுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னோம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டரு படம் வரைவா. நான் பாத்தவ" என்றாள்.

அவள் பார்த்தது 1976-இல். நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், முழுக்கச் சொல்லி அன்றுதான் கேட்டேன். கடலை பறிக்கிற காலம். அவள் தம்பி மகன், ஒன்றரை வயது. வறுத்த கடலையை யாரோ கையில் கொடுக்க, வாயில் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடியிருக்கிறான். சிரித்துக்கொண்டே ஓடியவன் அப்படியே நின்றான். "சத்தமே வரல்லட்டி. அழவும் இல்ல, இருமவும் இல்ல. வாயத் திறந்து திறந்து பாத்தான். உதடு நீலம் பாரிச்சிருச்சி. வண்டி பூட்டுததுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டாள். ஐம்பது ஆண்டுகளாகிறது. எங்கள் வீட்டில் கடலை மிட்டாய் வாங்கினாலும் குழந்தைகள் கையில் கொடுக்காததன் காரணம் அதுதான்.

அம்மாவின் பயத்தை அதுவரை கிராமத்துப் பயம் என்று நினைத்திருந்த நாங்கள் இருவரும் வாயடைத்துப் போனோம். ஆனால் எனக்குள் மூன்றாம் பக்கம் புரண்டது. பிரசுரம் பத்து வரியில் விளக்கியிருந்த வேற்றுமையை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டிருந்தாள். அந்தப் பையனுக்குச் சத்தம் வரவில்லை. இந்தக் குழந்தை போட்ட சத்தத்தில் மேல் மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

"அம்மா, அவன் அழலைன்னு சொன்னியே. இவ அழுதாளா, இல்லையா?"

"அழாம என்ன? ஊரைக் கூட்டிட்டா."

"அப்போ ரெண்டும் ஒண்ணா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று மாலை வடிகட்டியைப் பயன்படுத்தவில்லை.

ஓங்கரிப்பில் சத்தம் இருக்கும், முகம் சிவக்கும், இருமல், சில சமயம் வாந்தி வரும், சில நொடிகளில் தானே சரியாகி, குழந்தை அடுத்த வாய்க்குக்கூடத் தயாராகிவிடும். மூச்சடைப்பில் சத்தம் இருக்காது. அழுகையும் இருமலும் எழும்பாது, அல்லது பலவீனமாக இருக்கும். உதடும் முகமும் நீலம் பாய்ந்து வெளிறும். ஓங்கரிக்கும்போது விரலை விட்டுத் தோண்டினால், முன்னால் வந்துகொண்டிருக்கிற துண்டு பின்னால் போய் உண்மையாகவே அடைத்துக்கொள்ளலாம். அன்று அம்மா செய்தது அதைத்தான். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை.

மருத்துவர் அவசரப்படுத்தியதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஏவன் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே முதலில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றேகால் வயதில் சாப்பாடு கொடுப்பது அதிகச் சிரமமாக இருந்தது என்று 2001-இல் அந்த ஆய்விலிருந்து தெரிய வந்தது. பத்து மாதத்தோடு கதவு மூடிவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. தள்ளிப்போடப் போடத் திறப்பது கடினமாகும் என்பதுதான். ஆறு மாதத்தில் மசித்த உணவு, எட்டு மாதத்தில் கையில் எடுத்துத் தின்கிற உணவு, ஒரு வயதில் வீட்டார் சாப்பிடுவதே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான கணக்கு.

குழந்தையே எடுத்துத் தின்றால் அடைத்துக்கொள்ளாதா என்ற கேள்விக்கு நியூசிலாந்தில் பதில் தேடினார்கள். 206 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் தொடக்கத்திலிருந்தே குழந்தை கையால் எடுத்துத் தின்னவிட்டார்கள். எந்த உணவு ஆபத்து என்று பெற்றோருக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான முடிவு: மூச்சடைப்பில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கையால் தின்ற குழந்தைகள் ஆறாம் மாதத்தில் அதிகமாக ஓங்கரித்தன. எட்டாம் மாதத்தில் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக ஓங்கரித்தன.

இந்த 'கையில் எடுத்துத் தின்கிற உணவு' என்பதும் பிரசுரத்தில் என்னைப் படுத்திய சொல்தான். ஆங்கிலத்தில் சுருக்கமாக விரலையும் உணவையும் சேர்த்துவிடுகிறார்கள். 'விரல் உணவு' என்று எழுதிப் பார்த்தேன். வெண்டைக்காய் நினைவுக்கு வந்தது. இத்தனைக்கும் விஷயம் நமக்குப் புதியது அல்ல. தமிழ் எம்.ஏ. படித்த தோஷம், பழைய புத்தகங்களைப் புரட்டினேன். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் குழந்தை ஆடுகிறது, கை கொட்டுகிறது, நிலாவைக் கூப்பிடுகிறது, சிறுதேர் உருட்டுகிறது. சோறு உண்ண மட்டும் தனிப் பருவம் இல்லை. ஆனால் திருக்குறளில் குழந்தை கைவிட்டுக் கலக்கிய கூழுக்குத் தனி மரியாதை இருக்கிறது. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, உணவைக் கையாலும் வாயாலும் உடம்பாலும் தெரிந்துகொள்கிற குழந்தையை அப்படியே படம் பிடித்திருக்கிறான். மன்னன் வீட்டிலும் குழந்தை சோற்றை மேலெல்லாம் பூசிக்கொண்டிருக்கிறது, யாரும் துணி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியதாகத் தெரியவில்லை.

தங்கை வீட்டில் மீட்சி மெதுவாகத்தான் நடந்தது. மருத்துவர் சொன்ன வழி இது. முதலில் மிக்ஸியை நிறுத்தாமல், சுற்றுவதைக் குறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கிற பதம். பிறகு கரண்டியின் பின்புறத்தால் மசிப்பது. பிறகு அரைகுறையாக மசிப்பது. இங்கேதான் அம்மா உள்ளே நுழைந்தாள். "மசிக்கணும்னா மிசினு எதுக்கு?" என்று பருப்புச் சோற்றைக் கையில் எடுத்துப் பிசைந்தாள். முதல் நாள் களி மாதிரி. மூன்றாம் நாள் கொஞ்சம் திப்பி. ஒரு வாரம் கழித்து அரைப் பருக்கை. எந்த மிக்ஸியிலும் இத்தனை வேகங்கள் கிடையாது.

கூடவே கையில் கொடுப்பது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும் என்பதுதான் சோதனை. இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தார்கள். குழந்தை பிடித்துக்கொண்டு நுனியைச் சப்பியது. ஆவியில் குழைய வேக வைத்த பூசணி, கேரட், வாழைப்பழம், நன்றாக வெந்த முட்டை, பருப்பில் ஊறிய சப்பாத்தி ஒவ்வொன்றாக வந்தன. சில விதிகளும் இருந்தன. குழந்தை நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தபடியோ தவழ்ந்துகொண்டோ தின்னக் கூடாது. கரண்டியை எதிரே காட்ட வேண்டும், வாய் திறந்தால் மட்டும் உள்ளே போக வேண்டும். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. செல்போனில் பாட்டுப் போட்டு ஏமாந்த நேரத்தில் திணிப்பது கிடையாது. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. தாய்ப்பால் தொடர வேண்டும்.

முதல் வாரம் தினமும் ஓங்கரித்தாள். தங்கை கைகளை மடியில் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நமக்கு அழுகை வரும். ஆனால் நாம் அலறினால் குழந்தை சாப்பாட்டையே பயப்படத் தொடங்கிவிடும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாம் வாரத்தில், ஓங்கரித்துத் துப்பிய துண்டைத் தானே எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். பிடிக்காமல் துப்பியதைப் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடாது. ஒரு புதிய சுவை பழகப் பத்து முறை தேவைப்படலாம். பூசணிக்கு எட்டு முறை ஆனது என்று தங்கை கணக்கு வைத்திருக்கிறாள்.

அதே சமயம், அம்மாவின் பயத்துக்கும் உரிய இடம் கொடுத்தோம். முழுக் கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், பாக்கு, பச்சைக் கேரட் துண்டு, உருண்டையான மிட்டாய், கொட்டை நீக்காத சீத்தாப்பழம், சப்போட்டா ஆகியவை குழந்தை கைக்கு எட்டக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். முழுக் கடலைக்கு ஐந்து வயது வரை தடை. மூச்சுக்குழாயில் சிக்கும் உணவுப் பொருள்களில் இந்திய மருத்துவமனைகள் அதிகம் பார்ப்பது நிலக்கடலையைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒரு பொம்மையை வைத்து முதலுதவி கற்றுக்கொண்டோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உண்மையான மூச்சடைப்பு என்றால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்ய வேண்டும். இன்னொருவர் 112-ஐ அழைக்க வேண்டும். குழந்தை நினைவிழந்தால் உடனே இதய, சுவாச மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டுமே வாயிலிருந்து எடுக்கலாம். தெரியாததைத் துழாவக் கூடாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அழுத்துவதும் கூடாது. வங்காளப் பெண்மணிதான் எங்கள் எல்லோரையும்விடச் சரியாகச் செய்தார்.

எல்லா ஓங்கரிப்பும் பழகினால் போய்விடும் என்றும் சொல்லக் கூடாது. பால் குடிக்கும்போதே திணறல், ஒவ்வொரு வேளையும் இருமல், மூக்கு வழியாகப் பால் வருதல், அடிக்கடி சளிக் காய்ச்சல், எடை ஏறாமை, வாரக் கணக்கில் முயன்றும் முன்னேற்றமின்மை இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். விழுங்கப் பயிற்சி தருகிற பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மாதக் கணக்கே வேறு. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

இது மிக்ஸி உள்ள வீட்டுக் கவலை மட்டும்தானா என்றால், இல்லை. டெல்லியில் எங்கே கேட்டாலும் குழந்தைக்கு முதல் உணவு 'தால் கா பானி'; நம் ஊரில் பருப்புத் தண்ணீர், கஞ்சித் தெளிவு. தொண்டையில் சிக்காது என்பதே அதன் தகுதி. குழந்தையின் சிறு வயிற்றை அந்தத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. பருப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு கரையத் தொடங்குகிற வயது அது. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. வறுமை இதில் பெரும் பங்கு. ஆனால் வறுமை இல்லாத வீடுகளிலும் பருப்பு அடியில்தான் கிடக்கிறது.

பிரசுரத்தை ஒரு வழியாக முடித்துக் கொடுத்தேன். முதல் சொல்லுக்கு 'ஓங்கரித்தல்', இரண்டாவதற்கு 'மூச்சடைப்பு' என்று போட்டேன். பக்கத்திலேயே 'சத்தம் வந்தால் ஓங்கரிப்பு. சத்தம் வராவிட்டால் மூச்சடைப்பு' என்று மூலத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத காரியம். அனுப்பியவர்களிடம் சொன்னேன், அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அந்த வரியின் மூல ஆசிரியர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

பத்தரை மாதத்தில் மறுபடி மருத்துவரிடம் போனபோது, கடலையும் கொடுக்கலாம், நல்ல புரதம் என்றார். முழுசாக அல்ல, வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்துக் கஞ்சியில் கரைத்து, முதலில் துளி அளவு. தங்கை இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடலை வறுபடுகிற வாசனையில்தான் நான் எழுந்தேன். அன்று அங்கேதான் தங்கியிருந்தேன். தானே வறுத்து, தானே தோல் நீக்கி, மிக்ஸியில் மூன்று முறை ஓட்டி, வடிகட்டியைத் தேடி எடுத்துச் சலித்தாள். பழைய வடிகட்டிக்கு மறுபடி வேலை வந்தது. கேழ்வரகுக் கஞ்சியில் கால் தேக்கரண்டி கரைத்தாள். ஊட்ட மட்டும் மாட்டேன் என்று கிண்ணத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

குழந்தை ஒரு வாய் வாங்கியது. நாக்கை உள்ளே வெளியே நீட்டிப் பார்த்தது. பிறகு கிண்ணத்துக்குள் கையை விட்டு, அப்பிக்கொண்டு வந்த கஞ்சியைப் பாட்டியின் முகத்துக்கு நேரே நீட்டியது.

அம்மா வாயைத் திறந்தாள்.